கயிற்றுக்குத் தெற்கே நாலரை அங்குலம்

எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஓர் இளம் பொறியாளர் வாடகைக்கு அலுவலகம் வைத்திருக்கிறார். ஏனாத்தூர்ப் பக்கம் படித்தவர். போன மாதம் ஒரு நாள், பால் வாங்கிக்கொண்டு மாடி ஏறப் போன என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கணினியில் சுவர் வரைவது எப்படி என்று காட்டினார். திரையில் ஓர் இடத்தைத் தொட்டார். இன்னோர் இடத்தைத் தொட்டார். இரண்டு இணைகோடுகள் ஒரே நேரத்தில் பிறந்தன. மூலையில் அவையே மடங்கிக்கொண்டன.

"எப்டி சார்?" என்றார்.

"நீங்கள் தொட்ட புள்ளி சுவருக்கு நடுவா, ஓரமா?" என்று கேட்டேன்.

"அதுக்கு மூணு ஆப்ஷன் கீது சார். நடுவுல, மேல, கீழ. நான் எதையும் மாத்தறதில்ல. அதுவா எப்டி வருதோ அப்டியே இழுத்துக்கினு போய்டுவேன்."

"அதுவாக எப்படி வருகிறது?"

"இடப்பக்கத்துலேந்து வலப்பக்கம் இழுத்தா, தொட்ட கோடு மேல நிக்கும். செவுரு கீழ வுழும்."

நான் எழுந்துகொண்டேன். அவர்கள் பொறியாளர் சங்கத்து ஆண்டு மலருக்குப் பழைய வரைவாளர் என்ற முறையில் ஏதாவது எழுதித் தரும்படி அவர் முன்பே கேட்டிருந்தார். அன்றைக்குத்தான் எழுதுவதென்று முடிவு செய்தேன். அவர் எதிர்பார்ப்பது வேறு மாதிரியானதாக இருக்கும். வேண்டாமென்றால் போடாமல் விட்டுவிடலாம்.

நான் 1972-இல் பள்ளி இறுதி முடித்து, தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டாண்டு கட்டட வரைவு படித்தேன். பிறகு பல மாதங்கள் வேலை இல்லை. 1975 ஆவணியில் உத்திரமேரூர் பஜார் தெருவில், அரிசி மண்டி ஒன்றின் மாடியில் இருந்த தணிகாசலம் அவர்களின் அலுவலகத்தில் சேர்ந்தேன். அரசு வேலையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்று, உரிமம் வாங்கி வீட்டு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். ஊரில் யாரும் அவர் பெயரைச் சொன்னதில்லை. ஓவர்சியர் என்றால் அவர்தான்.

அவருடைய முறைகளை வரிசையாகச் சொல்ல முடியும். காலையில் வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கையில் எண்ணெய்ப் பசை இருந்தால் டிரேசிங் தாளில் மை பிடிக்காது. தாளைப் பலகையில் ஒட்டி, சாக்குக் கட்டித் தூளை மெல்லிய துணியில் கட்டி ஒற்றி, துடைத்து, அதன் பிறகுதான் பேனா. முதலில் பென்சிலில் ஒற்றைக் கோடு. அதன் மேல் மையில் இரட்டைக் கோடு. படுக்கைக் கோடுகள் எல்லாம் மேலிருந்து கீழாக முதலில். நிமிர்ந்த கோடுகள் அப்புறம். மூலையில் கோடு கோட்டைத் தொட வேண்டும், தாண்டக் கூடாது. தாண்டினால், "இன்னா நைனா, கோடு தெருவுக்குப் போயிடுச்சு" என்பார். பாதியாக உடைத்த பிளேடு ஒன்றை எடுத்து நம் முன் வைத்துவிட்டு டீ குடிக்க இறங்கிவிடுவார். அந்த மையைத் தாள் கிழியாமல் சுரண்டி எடுத்து, நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி வைக்கும் வரை மேலே வரமாட்டார். வந்ததும் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். சுரண்டிய இடம் வெளுப்பாகத் தெரியும். அதை 'வடு' என்பார். வடு இல்லாத தாள் ஒன்றைக் கண்ணாடி போட்டு அவர் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தார். சாமி படம் அதற்குக் கீழேதான் இருந்தது.

எல்லா முறைகளுக்கும் மேலாக அவரிடம் ஒரு பித்தளைப் பட்டை இருந்தது. ஒரு முழ நீளம். இரண்டு தீக்குச்சிகளை ஒட்டி வைத்த அகலம். நாலடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் ஒன்பது அங்குலச் சுவரின் கனம் தாளில் எவ்வளவோ, அவ்வளவு. அவரே அரத்தால் ராவி எடுத்தது. பலகை ஓரத்தில் பொருத்தி மேலும் கீழும் நகர்த்தும் நீளச் சட்டமான டீ-ஸ்கொயரின் மேல் விளிம்பில் பட்டையைப் படுக்கவைத்து, பட்டையின் மேல் ஓரம் பென்சில் கோட்டில் படும்படி நகர்த்தி, மையில் முதல் கோட்டை இழுக்க வேண்டும். மை காய்ந்ததும் பட்டையைப் பக்கவாட்டில் உருவிவிட்டு, டீ-ஸ்கொயரை அசைக்காமல் அதன் விளிம்பில் இரண்டாம் கோடு. அவ்வளவுதான். நாற்பதடிச் சுவர் ஒரு மயிரிழை பிசகாமல் இணையாக வந்து நிற்கும். காஞ்சிபுரத்தில் பெரிய அலுவலகங்களில்கூட அப்படி ஓர் இரட்டைக் கோட்டை நான் பார்த்ததில்லை.

இந்த முறையில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. பென்சில் கோடு எப்போதும் சுவரின் மேல் ஓரமாகவே இருக்கும். சுவர் முழுதும் கோட்டுக்குக் கீழே விழும். தாளின் தலைப்பக்கம் வடக்கு என்பதால், கீழே என்றால் தெற்கே. புதிதாகக் கட்டும் வீட்டில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. அறையின் அளவை எழுதிவிடுகிறோம், கொத்தனார் அதைப் பார்த்துக் கட்டுகிறார். மூன்றரை வருஷம் அப்படி வரைந்தேன். ஒரு தடவையும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

1979 தை மாதம், திருப்புலிவனத்துக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து ஏகாம்பரம் என்பவர் வந்தார். கிராமத்தின் பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவருடைய தம்பி முந்தின வருஷம் இறந்துவிட்டார். தம்பி மனைவி பச்சையம்மாளுக்கு ஒரே மகள். வீட்டை வடக்குப் பாதி அண்ணனுக்கு, தெற்குப் பாதி தம்பி குடும்பத்துக்கு என்று ஊர்ப் பெரியவர்கள் பிரித்திருந்தார்கள். நடுவே ஒன்பது அங்குலத்தில் பொதுச்சுவர். ஆளுக்குப் பாதி இடம் விடுவது என்று பேச்சு. பத்திரத்தோடு சேர்க்கப் படம் வேண்டும்.

தை கடைசிச் செவ்வாயன்று அளக்கப் போனோம். கிழக்குப் பார்த்த வீடு. தெருவிலிருந்து புழக்கடைக்குப் போக இருந்த ஒரே நடை, பிரியும் கோட்டுக்குத் தெற்கே, பச்சையம்மாள் பக்கத்தில் வந்தது. புழக்கடையில் அவளுடைய எருமைக் கொட்டகை. இரண்டு எருமை. அந்தப் பாலைத்தான் அவள் டீக்கடைக்கும் நாலு வீட்டுக்கும் ஊற்றிக்கொண்டிருந்தாள். தினமும் ஏரிக்கு எருமைகள் அந்த நடை வழியாகத்தான் போய் வர வேண்டும்.

வாசலில் ஓர் ஆணி, புழக்கடையில் ஓர் ஆணி அடித்துக் கயிறு கட்டினார் ஓவர்சியர். சமையலறைச் சுவரை ஒட்டிப் பத்தடி நீளத்துக்குத்தான் நடை நெருக்கம். அங்கே கயிற்றிலிருந்து சுவர் வரை டேப் பிடித்தேன். மூன்றடி மூன்றங்குலம்.

பச்சையம்மாள் குறுக்கே வந்து நின்றாள். "செவுரு எங்க வரும், ஐயா?"

"கயிறு மேலம்மா."

"கயிறு மேலன்னா? கயிறுக்கு அந்தாண்ட பாதி, இந்தாண்ட பாதி. அப்டித்தான?"

"அப்டித்தான்."

"என் எருமை செனையா கீது. பங்குனி பொறந்தா வவுறு இம்மாம் வந்துடும்" என்று கைகளை விரித்துக் காட்டினாள்.

ஏகாம்பரம் சிரித்தார். "நீ எருமைய வளக்கறியா, யானைய வளக்கறியா?"

"உங்க தம்பி வாங்கிக் குடுத்ததுதான், மாமா. யானன்னு தெரிஞ்சிருந்தா கோயிலுக்கு வுட்டிருப்பேன்."

ஓவர்சியர்கூடச் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். "தம்பி, அந்த நோட்டுல எழுதிக்கோ. கயிறு நடுவுலன்னு."

எழுதினேன். அந்த அளவு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பதினேழாம் பக்கம், மேலிருந்து ஆறாம் வரி: 'கயிறு, சுவரின் நடு. கயிறு முதல் சமையலறைச் சுவர் வரை 3 அடி 3 அங்.' என் கையெழுத்துதான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் எழுதி முடிக்கும் வரை பேனா முனையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வியாழக்கிழமை வரைந்தேன். மறுநாள் பத்திரம் பதிய நல்ல நாள் என்று ஏகாம்பரம் காலையிலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிரியும் கோட்டைப் பென்சிலில் போட்டேன். படுக்கைக் கோடுகளுக்குப் பட்டையை எடுத்தேன். கை அதன் வழக்கப்படி போயிற்று. மேலிருந்து கீழாக எல்லாக் கோடுகளையும் இழுத்தேன். நடுச் சுவரையும் அந்த ஓட்டத்திலேயே இழுத்தேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அளவு எழுத உட்கார்ந்தபோது, நடையின் மேல் ஸ்கேலை வைத்தேன். இரண்டடி ஆறங்குலம். தப்பாக வைத்தேனோ என்று மறுபடி வைத்தேன். நோட்டைப் பிரித்தேன். மூன்றடி மூன்றங்குலத்தில் சுவரின் பாதிக் கனமான நாலரை அங்குலத்தைக் கழித்தால் இரண்டடி பத்தரை வர வேண்டும். முழுச் சுவரும் பச்சையம்மாள் பக்கம் விழுந்திருந்தது.

ஏகாம்பரம் சாப்பிடப் போயிருந்தார். ஓவர்சியரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் எழுந்து வந்து பார்த்தார். தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு வடு இல்லை. மூன்றரை வருஷத்தில் நான் போட்ட படங்களில் அதுதான் முதல் வடு இல்லாத தாள் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"நடுச் செவுர சுரண்டினா நாப்பதடிக்கும் வடு நிக்கும்" என்றார்.

"புதுத் தாளில் போட்டுவிடுகிறேன், ஐயா. ராத்திரிக்குள் முடிந்துவிடும்."

அவர் பட்டையை எடுத்து விரலால் துடைத்தார். "இந்தப் பட்டையில எத்தினி வூடு போட்டிருக்கோம் தெரியுமா? ஒண்ணு தப்புன்னா எல்லாம் தப்புன்னு வருவானுங்க. நாலரை அங்குலத்துல இன்னா போச்சு? மேஸ்திரி கட்டறப்போ முன்னபின்ன வெச்சுக்குவான். படத்துல இருக்கறத எழுது, நைனா."

அன்றைக்கு அவர் என் முன் பிளேடு வைக்கவில்லை. டீ குடிக்கவும் இறங்கவில்லை. பக்கத்திலேயே நின்றார். நான் எழுதினேன்: 2 அடி 6 அங்.

ஏகாம்பரம் இதற்காக ஒன்றும் கொடுக்கவில்லை. கேட்கவும் இல்லை. அன்றைக்கு அவருக்கு இது தெரியவே தெரியாது. காசு வாங்கிக்கொண்டு செய்திருந்தால் அதற்கு ஒரு பெயராவது இருந்திருக்கும். ஒரு தாள் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்தோம்.

மாலையில் பச்சையம்மாள் வந்து படத்தில் கைநாட்டு வைத்தாள். மை ஒட்டிய விரலைத் தலையில் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "கயிறு சேதி எழுதிக்கீதா, தம்பி?"

"நோட்டுல எழுதியிருக்கேன்மா" என்றேன். பொய் இல்லை.

மாசியில் சுவர் எழும்பியது. கொத்தனார் முன்பின் வைத்துக்கொள்ளவில்லை. அவர் நேர்மையான கொத்தனார். படத்தில் இருந்த இரண்டடி ஆறங்குலத்தைக் குச்சி வெட்டி வைத்துக்கொண்டு கட்டினார். அப்போதுதான் ஏகாம்பரம் படத்தின் அருமையை உணர்ந்தார். பச்சையம்மாள் போய்த் தடுத்தபோது, "ரிஜிஸ்டர் பண்ண படம்மா. நானா வரைஞ்சேன்?" என்றாராம்.

அவள் எங்கள் மாடிக்கு ஏறி வந்தாள். கையில் அந்தக் கொத்தனார் குச்சி. ஓவர்சியர் மேசையில் அதை வைத்தாள்.

"இதுக்குள்ள என் எருமை எப்டி நொழையும், ஐயா?"

"படத்துல நீயும்தானம்மா கைநாட்டு வெச்சே?"

"எனக்கும் படம் படிக்கத் தெரியாது, என் எருமைக்கும் தெரியாது. நான் உங்க வாயப் பாத்து வெச்சேன். அதுக்கு வவுறு இடிச்சாத்தான் தெரியும்."

ஓவர்சியர் குச்சியை எடுத்து அவளிடமே நீட்டினார்.

மாசி கடைசி ஞாயிறு ஊர்ப் பெரியவர்கள் பள்ளிக்கூடத்து வராந்தாவில் கூடினார்கள். ஓவர்சியருக்கு அன்று காய்ச்சல். "வரைஞ்சவன் நீதான. போய்ப் படிச்சுக் காட்டிட்டு வா" என்று என்னை அனுப்பினார். எனக்கு இருபத்து நான்கு வயது. பத்திரத்துப் படத்தின் பிரதியையும், ஏன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை, அளவு நோட்டையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் பதினேழாம் பக்கத்தை எடுத்துப் படிப்பதாகத்தான் நினைத்திருந்தேன்.

பெரியவர்களில் மூத்தவர் கேட்டார்: "தம்பி, படத்துல நடை எவ்ளோ போட்டுக்கீது?"

"இரண்டடி ஆறங்குலம்."

"நீ அளந்தப்போ கயிறு எங்க இருந்துச்சு? செவுருக்கு நடுவுலயா, ஓரத்துலயா?"

ஏகாம்பரம் என்னைப் பார்க்கவில்லை. வராந்தாத் தூணில் சாய்ந்து காது குடைந்துகொண்டிருந்தார். பச்சையம்மாள் கூட்டத்துக்கு வெளியே, படிக்குக் கீழே நின்றாள். "அந்த நோட்டுல எழுதனியே தம்பி. அத்தப் படி. போதும்" என்றாள்.

அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று பல வருஷம் கழித்து நாட்குறிப்பில் எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வருகிறது. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. படத்தில் 'வரைந்தவர்' என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. படம் தப்பு என்று நானே சொல்ல வேண்டும். அவ்வளவு பேர் முன்னால். இவற்றில் எது முதலில் வந்தது என்று எனக்குத் தெரியாது. வாயிலிருந்து வந்தது இது:

"நோட்டு அலுவலகத்தில் இருக்கிறது. படத்தில் உள்ளதுதான் சரி."

பெரியவர்கள் படத்தின்படி சுவர் நிற்கட்டும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. படித்தவன் சொன்னதை நம்பினார்கள். எங்கள் உத்திரமேரூர்க் கோயில் சுவரில், சபையில் உட்காரத் தகாதவர்கள் யார் யார் என்று அந்தக் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு நானே பல தடவை படித்துக் காட்டியிருக்கிறேன். சபை முன்னால் நின்று பேசத் தகாத வரைவாளனைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

பங்குனி இரண்டாம் வாரத்தில் சினை எருமை நடையின் நெருக்கத்துக்கு வந்ததும் நின்றுவிட்டதாம். முன்னால் இழுத்தால் முட்டுகிறது, பின்னால் தள்ளினால் கத்துகிறது. அதை எப்படியோ திருப்பிக் கொட்டகைக்கே ஓட்டிவிட்டு, பச்சையம்மாள் கடப்பாரையை எடுத்தாளாம். பொதுச்சுவரை அவள் தொடவில்லை. தொட்டால் வழக்கு வரும். எதிர்ப்பக்கத்தில் இருந்த தன் சமையலறையின் மண் சுவரைப் பத்தடிக்கும் தானே இடித்துத் தள்ளினாள். அதன் மேல் தாங்கியிருந்த ஓட்டுச் சாய்ப்பும் இறங்கிவிட்டது. எருமை ஏரிக்குப் போயிற்று. அந்த ஐப்பசி மழையிலும் அதற்கடுத்த மழைகளிலும் அவள் ஓலைத் தட்டி மறைவில், குடைக்குக் கீழே அடுப்பு மூட்டியதை அந்த ஊர் டீக்கடைக்காரர் எனக்குச் சொன்னார். நான் கேட்டு அவர் சொல்லவில்லை. உத்திரமேரூர்ச் சந்தையில் பார்த்தபோது அவராகவே சொன்னார்.

ஓவர்சியர் 1983-இல் காலமானார். மேசை, பலகை, பித்தளைப் பட்டை எல்லாம் எனக்கு வந்தன. உரிமமும் வாங்கிக்கொண்டேன். கண்ணாடி போட்டு மாட்டியிருந்த தாளை மட்டும் அவர் மகன் எடுத்துப் போனார். இரண்டாவதாக அதன் பக்கத்தில் மாட்டியிருந்தது பச்சையம்மாள் வீட்டுப் படத்தின் மூலத் தாள். அதை அவர் எடுக்கவில்லை.

1986 வைகாசியில் பச்சையம்மாள் மறுபடி அந்த மாடி ஏறி வந்தாள். எருமைகள் இல்லை. மகளைக் காஞ்சிபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தாள். அங்கேயே போய்விடப் போவதாகவும், தன் பாதியை ஏகாம்பரத்துக்கே விற்பதாகவும் சொன்னாள். அவர் நடுச் சுவரை இடித்து வீட்டை ஒன்றாக்கப் போகிறார். அதற்குப் படம் வேண்டும். வேறு யாரிடமும் போகாமல் ஏன் என்னிடம் வந்தாள் என்று நான் கேட்கவில்லை.

பெட்டியைத் திறந்து அளவு நோட்டை எடுத்தேன். பதினேழாம் பக்கத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கயிறு, சுவரின் நடு. மூன்றடி மூன்றங்குலம்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு இது பையிலதான இருந்துச்சு?" என்றாள்.

"ஆமாம்மா."

"தெரியும், தம்பி. பை மேல கைய வெச்சுக்கினேதான பேசினே."

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, படம் என்றைக்குக் கிடைக்கும் என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை என்றேன்.

அந்த வாரமே போய் அளந்தேன். சமையலறை இருந்த இடத்தில் வெறும் தரை. பொதுச்சுவர் மட்டும் அன்று கட்டியபடி உறுதியாக நின்றது. வியாழனன்று தாளை ஒட்டி, சாக்குத் தூள் ஒற்றி, கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். இடிக்கப் போகிற சுவரைப் புள்ளிக்கோட்டில் காட்டுவது வழக்கம். பிரியும் கோட்டைப் பென்சிலில் போட்டுவிட்டு, பட்டையை அதன் நடுவில் வைக்கத்தான் கை முதலில் போயிற்று. ஏழு வருஷமாக மனத்தில் அப்படித்தான் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அப்படி வரைந்தால் அது பொய். சுவர் அங்கே இல்லை. நான் வரைந்த இடத்தில் இருக்கிறது.

டீ-ஸ்கொயரின் மேல் விளிம்பில் பட்டையைப் படுக்கவைத்து, அதன் மேல் ஓரத்தைக் கோட்டில் பொருத்தினேன். நாற்பதடிக்கும் புள்ளி வைத்தேன். காய்ந்ததும் பட்டையை உருவிவிட்டு, கீழே இரண்டாம் புள்ளிக்கோட்டையும் இழுத்தேன். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். வடு இல்லை. அளவும் இந்த முறை மிகச் சரி.